பூதம் காக்கும் ஒலிநாடாக்கள்

தமிழ்நாட்டில் இசைப் பதிவுகளைச் சேகரிப்போரைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் புகழுரைகளே. ஓர் அறை முழுவதும் இசைத்தட்டுகள், இரும்பு அலமாரிகளில் ஒலிநாடாச் சுருள்கள், அவற்றின் நடுவே புன்னகையுடன் உரிமையாளர் என்று ஒரு புகைப்படம் வரும். இத்தனை ஆயிரம் தட்டுகள், இத்தனை ஆயிரம் மணி நேரம் என்று ஒரு கணக்கு வரும். 'இவர் தம் ஆயுளையே இசைக்கு அர்ப்பணித்தவர்' என்ற வாக்கியத்தோடு கட்டுரை முடியும். அந்த அறைக்குள் எவர் செல்லலாம், அந்த நாடாக்களை இதுவரை எவர் கேட்டனர், அவற்றின் உறைகளில் என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விகள் மட்டும் எழுவதில்லை. அவற்றை எழுப்புவதற்காகவே இதனை எழுதுகிறோம். சிலருக்கு மனம் வருந்தலாம். வருந்தட்டும்.

நாங்கள் ஜவ்வாது மலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் வாழ்பவர்கள். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இம்மலையிலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. மார்கழி இசைவிழா என்பது எங்களுக்கு நாளிதழ்ச் செய்தி. வானொலியாலும், யாரோ ஒருவர் மனமிரங்கிக் கொடுத்த ஒலிநாடாக்களாலும், பின்னர் குறுந்தகடுகளாலும் வளர்ந்த செவிகள் எங்களுடையவை. ஒரு பதிவு கிடைக்குமா, கிடைத்தால் அது எந்த நாளில் எந்த ஊரில் யார் யார் சேர்ந்து வாசித்தது என்று தெரியுமா என்பதெல்லாம் எங்களுக்கு ஓய்வுநேர விளையாட்டு அன்று. எங்கள் இசையறிவு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. எங்கள் கைக்கு வந்த பிரதிகளுள் பெரும்பாலானவற்றில் இரண்டே செய்திகள்: ஒரு வித்வானின் பெயர், ஒரு ராகத்தின் பெயர். சிலவற்றில் அவையும் இல்லை; 'மூன்றாம் நாடா, இரண்டாம் பக்கம், பிரமாதம்' என்று மட்டும் இருந்தது. பிரமாதம் என்பதை நாங்களே கேட்டு அறிந்துகொள்வோம் ஐயா. நாளையும் ஊரையும் அல்லவா நீர் எழுதியிருக்க வேண்டும்?

பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்பது என்பது என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். மேலை இசையில் இது நெடுங்காலமாக ஒரு துறையாகவே வளர்ந்திருக்கிறது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை 1913 நவம்பரில் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்தார். கார்லோஸ் கிளைபர் அதே படைப்பை 1974இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்தார். இடையில் ஃபுர்ட்வெங்லர், டோஸ்கானினி என்று பலருடைய பதிவுகள் உண்டு. இவற்றை ஒப்பிட்டுக் கேட்கும் தேர்ந்த ரசிகர் 'யார் பெரியவர்' என்று பட்டிமன்றம் நடத்துவதில்லை. தொடக்கத்து நான்கு சுரங்களின் முடிவில் எவர் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், நரம்புக் கருவிகள் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்கின்றனவா தாவிச் செல்கின்றனவா, ஊதுகருவிகள் எங்கே முன்வருகின்றன என்று கேட்கிறார். நிகிஷின் பதிவு ஒலிவாங்கி வருவதற்கு முந்தையது. ஊதற்குழாய் ஒன்றின் முன்னே இசைக்குழுவினர் நெருங்கி நின்று வாசித்தது. இதை அறிந்தவர், கீழ்ச்சுரங்கள் மெலிந்து கேட்பதற்கு நிகிஷைக் குறை சொல்லமாட்டார். ஆண்டும் இடமும் கருவியும் தெரிந்திருப்பதால் கலைஞனின் குணம் எது, இயந்திரத்தின் குணம் எது என்று பிரித்தறிய முடிகிறது. ஒப்பீடு தொடங்குவதே அங்கிருந்துதான்.

ஒன்றைக் கவனியுங்கள். பீத்தோவன் பதிவுகள் அனைத்தும் நாளை எரிந்து போனாலும் ஐந்தாம் சிம்பொனி அழியாது. அது அச்சிட்ட இசைத்தாளாக உலகெங்கும் இருக்கிறது. வேறோர் இசைக்குழு அதனை மறுநாளே வாசித்துவிடும். நம் இசையின் நிலை அவ்வாறானதா? சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி போன்ற சுரக்குறிப்பு நூல்கள் நமக்கும் உண்டு. அவை கீர்த்தனையின் உடலைத் தருகின்றன, கமகங்களுக்குக் குறியும் தருகின்றன. ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனை எந்த ஏட்டில் இருக்கிறது? 1956இல் அவரோடு அது போய்விட்டது. எஞ்சியிருப்பது இசைத்தட்டிலும் நாடாவிலும் சிக்கியது மட்டுமே. மேலை இசையில் ஒரு பதிவு அழிந்தால் ஒரு நிகழ்த்துதல் அழிகிறது. நம் இசையில் ஒரு பதிவு அழிந்தால் ஒரு படைப்பே அழிகிறது. அவ்வாறிருக்க, பதிவின் விவரங்களைப் பேணுவதில் அவர்களைவிட நாம் பத்து மடங்கு கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

விவரம் இல்லாத பதிவு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பதற்குச் சான்று காட்டுவோம். பழைய இசைத்தட்டுகளை '78 சுற்றுத் தட்டு' என்று பொதுவாகச் சொல்கிறோம். தொடக்க காலத்தில் அந்த வேகம் நிலைப்பட்டிருக்கவில்லை. அதற்குக் கீழும் மேலுமாகப் பதிந்த தட்டுகள் பல. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிந்த ஒரு தட்டை 78 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடும். 'அந்தக் காலத்தவர் ஐந்து கட்டையில் பாடினார்கள், இந்தக் காலத்தவருக்குச் சாரீரம் இல்லை' என்று புலம்புகிறோமே, அப்புலம்பலில் எத்தனை பங்கு உண்மை, எத்தனை பங்கு இயந்திரத்தின் சுழற்சி? இன்னொன்று: தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடங்களே அடங்கும். அதற்குள் பல்லவி, அனுபல்லவி, சரணம் முடித்துச் சில சுரங்களும் வீசியாக வேண்டும். அந்த அவசரத்தை அக்காலத்துக் காலப்பிரமாணம் என்று கொண்டு, 'முன்னோர் இக்கீர்த்தனையைத் துரித காலத்தில்தான் பாடினர்' என்று தீர்ப்பெழுதியவர்களை நாங்கள் அறிவோம். தட்டின் அகலம் விதித்ததை மரபின் விதியாகக் கொள்வது எவ்வளவு பெரிய பிழை!

நாகசுர மேளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலை நாட்டு இசைக்குழுவுக்கு நிகராக நம்மிடம் ஏதேனும் உண்டு என்றால் அது பெரிய மேளம்தான். இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று அமைந்து, வீதியையே அரங்காகக் கொண்ட கூட்டு வாசிப்பு அது. அதன் பதிவுகளைப் பேசுவோர் நாகசுரக்காரரின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். உடன் வாசித்தவர் யார்? தவில் யார்? நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1949இல் மறைந்தார். தவில் வாசிப்பின் போக்கையே மாற்றியவர் என்று போற்றப்படுபவர் அவர். ஓர் உறையில் தவில்காரர் பெயரை ஒருவர் எழுதாமல் விட்டதால், உள்ளே ஒலிப்பது அவருடைய கையா வேறொருவருடைய கையா என்று இனி எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது போகலாம். ஒரு பேனாவும் அரை நிமிடமும் செலவிட மனமில்லாததன் விலை இது.

இந்தியாவில் இசைத்தட்டு பிறந்தபோதே பெயர் சொல்லும் வழக்கமும் பிறந்தது. 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகளின் இறுதியில் அவருடைய குரலே அவர் பெயரை அறிவிக்கும். மூலத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் செல்லும். அங்கிருக்கும் தொழிலாளி எது யாருடையது என்று குழம்பாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மொழி தெரியாத அயல்நாட்டுத் தொழிலாளிக்குக் கிடைத்த மரியாதை, நூற்றிருபது ஆண்டுகள் கழித்துத் தமிழ் ரசிகனுக்குக் கிடைக்கவில்லை.

இனிச் சேகரிப்பாளரின் குணங்களுக்கு வருவோம். எல்லோரையும் சொல்லவில்லை. பதிவுகளைப் பிரதியெடுத்து அஞ்சலில் அனுப்பி, அஞ்சற்செலவையும் தாமே ஏற்ற பெரியவர்கள் உண்டு. அவர்கள் இல்லையேல் நாங்கள் இல்லை. பெரும்பான்மை வேறு. 'என்னிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருந்தால் கொடு. அப்போது தருகிறேன்' என்னும் பண்டமாற்று ஒருபுறம். ஒன்றுமில்லாத எளியவன் என்றுமே எதையும் பெறமாட்டான் என்பதே இதன் பொருள். கேட்டவருக்குக் கொடுக்கும் பிரதியில் வேண்டுமென்றே நடுவில் சில நிமிடங்களை நறுக்கிவிடுவது, ஒலித்தரத்தைக் குறைத்துவிடுவது மற்றொருபுறம். எல்லாவற்றுக்கும் மேலாக, விவரங்களை மறைப்பது. நாள், இடம் தெரிந்தால் அதே கச்சேரியின் வேறு பிரதியை நாம் வேறிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவோமாம். தம் பிரதியின் அருமை குறைந்துவிடுமாம். புதையலைப் பூதம் காக்கும் என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்கள். பூதத்துக்கு அப்பொன்னால் பயனில்லை. பிறருக்கும் அது தராது. அந்தப் பூதத்துக்குக் குளிரூட்டிய அறை ஒன்று கட்டிக் கொடுத்தால் அதுவே இன்றைய சேகரிப்பாளர்.

இவர்கள் சொல்லும் நியாயங்கள் மூன்று.

முதலாவது, பதிப்புரிமை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1930களிலும் 40களிலும் 50களிலும் கடைகளில் விற்ற தட்டுகளுக்கு அக்காலம் கடந்துவிட்டது. வெளியிடப்படாத கச்சேரிப் பதிவுகளின் நிலை வேறு; கலைஞரின் குடும்பத்தாருக்கு அதில் ஒரு சொல் உண்டு என்பதை ஏற்கிறோம். பொதுவில் பரப்ப அவர்களிடம் அனுமதி கேளுங்கள். ஆனால் உறையின் மேல் நாளையும் ஊரையும் எழுதுவதற்கு எந்தச் சட்டம் தடை விதிக்கிறது? உரிமையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்கள், அதே கச்சேரியைப் பண்டமாற்றுச் செய்யும்போது மட்டும் அக்கவலையை எங்கே வைத்துவிடுகிறார்கள்?

இரண்டாவது, 'தகுதியில்லாதவர் கையில் போய்ச் சேரும்' என்பது. தகுதி எப்படி வருகிறது? கேட்டுத்தான் வருகிறது. கேட்க விடாமல் தகுதி கேட்பது, நீரில் இறங்க விடாமல் நீச்சல் தெரியுமா என்று வினவுவதாகும். இது பழைய குரல். நமக்கு நன்கு பழகிய குரல். உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி வீடு வீடாக அலைந்தபோதும் இதே குரலைப் பல வாசல்களில் கேட்டார். பரணில் கரையானுக்குக் கொடுப்பார்கள், கேட்டு வந்தவருக்குக் கொடுக்கமாட்டார்கள். அவர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1889இல் பத்துப்பாட்டையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியது, ஏடு வைத்திருந்தோருள் சிலரேனும் மனம் இளகியதால்தான். இளகாதவர்கள் வீட்டில் என்னென்ன இருந்தன என்பதை நாம் இனி அறியப்போவதில்லை.

மூன்றாவது, 'என் பணம், என் உழைப்பு' என்பது. உண்மை. அலமாரி உங்களுடையது, நாடாவும் உங்களுடையது. அதற்குள் இருக்கும் அரியக்குடியோ மதுரை மணி ஐயரோ உங்களுடையவர் ஆகமாட்டார். பதிவு என்பது ஒரு சான்று. சான்றை ஒளித்து வைப்பவருக்கு வழக்கு மன்றத்தில் என்ன பெயரோ அதே பெயர் இங்கும் பொருந்தும்.

எங்கள் மலையிலேயே இதற்கொரு பாடம் இருக்கிறது. காவலூரில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வான்நோக்குநிலையம் உள்ளது. 1960களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு தொடங்கி, 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கியும் 1986இல் 2.3 மீட்டர்த் தொலைநோக்கியும் பெற்ற இடம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே கடந்தது. விண்மீனின் ஒளி எந்த நொடியில் மங்குகிறது என்பதைப் பல இடங்களில் இருந்து அளந்தார்கள். அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று விமானத்தில் பறந்தபடியே அளந்தது. காவலூரிலும் அளந்தார்கள். கோள் மறைக்காத வேளையிலும் விண்மீன் சில நொடிகள் மங்கியது. தம் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு காவலூரார் முதலில் எழுதிய ஆய்வுக்குறிப்பு, அதனை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்றே கருதியது. எல்லா இடத்துப் பதிவுகளையும் நொடிக்கு நொடி ஒப்பிட்டபோதுதான் உண்மை விளங்கியது: அது துணைக்கோள் அன்று, யுரேனஸைச் சூழ்ந்த வளையங்கள். அதே ஆண்டில் வளையங்களைப் பற்றிய கட்டுரையும் காவலூரிலிருந்து சென்றது.

இதில் இசை ரசிகன் கற்க வேண்டியது யாது? தனித்திருக்கும் பதிவு, எவ்வளவு நுட்பமானதாயினும், தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். பிற பதிவுகளோடு சேர்ந்தே அது உண்மையைச் சொல்லும். சேர்வதற்கு இரண்டு வேண்டும்: நேரம் குறித்திருக்க வேண்டும், பிறருக்குக் கொடுக்க வேண்டும். காவலூரின் கணக்கேட்டை ஒருவர் தம் வீட்டு அலமாரியில் பூட்டி, 'யுரேனஸ், பிரமாதம்' என்று உறையில் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதே நிறுவனத்தின் கொடைக்கானல் நிலையத்தில் 1904 முதல் கதிரவனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கண்ணாடித் தட்டுக்கும் நாளும் நேரமும் உண்டு; அவை எண்மப் படிகளாக்கப்பட்டு ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. கதிரவன் நாளையும் உதிக்கும். இருந்தும் அதன் ஒவ்வொரு நாள் முகத்தையும் இவ்வளவு அக்கறையோடு குறித்து வைத்தோம். மீண்டும் உதிக்காத ராஜரத்தினத்துக்கு அந்த அக்கறையில் ஒரு துளியும் இல்லை.

அறிவியலார்க்கு மட்டும் உரிய ஒழுக்கம் இது என்று எவரும் தப்பிக்க முடியாது. மலையிலிருந்து இறங்கிச் செங்கம் பக்கம் வாருங்கள். இவ்வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் தொகுத்து நூலாக வெளியிட்டது. எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. ஆட்சியாண்டு, தொறு கவர்ந்த பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவன் பெயர் எல்லாம் அதில் உள்ளன. அதோடு நிற்கவில்லை. அவனுக்குத் துணை நின்று கள்வரைக் கடித்த நாயின் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள். நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு, உளியால் ஒவ்வோர் எழுத்தாகக் கல்லில் வெட்டிய காலத்தில், ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிட இந்த ஊராருக்கு மனம் வரவில்லை. இன்று பந்துமுனைப் பேனா வைத்திருக்கும் நமக்கு மிருதங்கம் வாசித்தவர் பெயரை எழுத முடியவில்லை.

இந்நிலம் ஒலியைப் பட்டியலிட்ட நிலமும் ஆகும். செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடியது மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். பெருங்கௌசிகனார் அதன் தொடக்கத்திலேயே கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளை வரிசையாகச் சொல்கிறார்: முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, நெடுவங்கியம், தூம்பு, குழல், தட்டை, எல்லரி, பதலை. ஓர் இசைக்குழுவின் முழுமையான கருவிப் பட்டியல் அது. பின்னர் அம்மலையில் கேட்கும் ஒலிகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். அருவியின் ஓசை, குறவர் ஆடும் குரவை, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் வலி தணியப் பெண்கள் பாடும் பாட்டு. ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தில் ஒரு புலவர் செய்த பதிவு இது. எந்த ஒலி, யார் எழுப்புவது, எதற்காக என்ற மூன்று விவரமும் அதில் உண்டு. நம் சேகரிப்பாளர் உறைகளில் இல்லாத மூன்று.

அந்த மலையில் இன்று வாழ்பவர்கள் மலையாளிகள். கேரளத்தவரைச் சொல்லவில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பழங்குடிப் பெயர் அது. சாமை விளைவிப்பவர்கள். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் சாவுக்கும் அவர்களிடம் பாட்டும் மேளமும் உண்டு. எங்கள் கண்ணில் பட்ட எந்தச் சேகரிப்பாளர் பட்டியலிலும் இவற்றுக்கு ஒரு வரி இல்லை. கேட்டால், 'அது செவ்வியல் அன்று. ஒப்பிட அதில் என்ன இருக்கிறது?' என்பார்கள். இம்மலைகளின் வள்ளைப்பாட்டைச் செவ்வியல் இலக்கியம் என்று ஏற்றுக்கொண்ட நாம், இன்று உரலடியில் பாடும் பாட்டைக் கேட்கவும் தகுதியற்றது என்போமா? உரல் போய் அரைவை இயந்திரம் வந்த ஊரில் உரற்பாட்டும் போய்விடும். அது போன நாளையும் எவரும் குறித்து வைக்கமாட்டார்கள்.

ஒப்பிட என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. ஆலந்து நாட்டு அர்னால்ட் பாக்கே 1938இல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகப் பகுதிகளில் சுற்றி, மக்கள் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்தார். எங்கே, எப்போது, யாரிடம் என்று குறித்தும் வைத்தார். அதனால் 1984இல் நசீர் ஜைரஸ்பாய் அதே ஊர்களுக்கு அப்பதிவுகளோடு திரும்பிச் சென்று, 46 ஆண்டுகளில் எது நின்றது, எது மாறியது, எது மறைந்தது என்று ஒப்பிட முடிந்தது. இதைவிடப் பயனுள்ள ஒப்பீடு எந்த சபாவின் நாற்காலியில் அமர்ந்து நடந்திருக்கிறது? அதற்கும் முன்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பழங்குடியினர் பாடல்களை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். ஆனால் பாடியவர்களின் பேரப்பிள்ளைகள் அக்குரல்களைக் கேட்க என்ன வழி இருந்தது? மலைக்கு வந்து பதிந்துகொண்டு, மலைக்கு ஒரு படியும் வைக்காமல் போவதும் பூதத்தின் குணமே. கருவியோடு இங்கே வரவிருக்கும் அன்பர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம்.

இவ்வளவு கடுமையாக ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். காலம் இல்லை என்பதே காரணம். காந்தநாடாவின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, ஓட்டும்போது தலைப்பில் ஒட்டிக்கொள்ளும். பழைய அசிட்டேட் நாடாக்கள் புளித்த காடி வாடையோடு சுருங்கி முறியும். சென்னையின் கடற்காற்றும் பூஞ்சையும் இதற்கு நன்றாகவே உதவும். 2015 டிசம்பர் வெள்ளம் போல ஒன்று வந்தால் தரைத்தளத்து அலமாரிக்கு ஒரே இரவு போதும். 2019இல் யுனெஸ்கோ காந்தநாடாக்களைப் பற்றி உலகுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: 2025ஐ ஒட்டி, நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் உதிரிப்பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அருகிப்போவார்கள், பிறகு நாடா நன்றாக இருந்தாலும் அதனைக் கேட்க வழியிருக்காது. அந்த ஆண்டும் வந்துவிட்டது. பூட்டிய அலமாரிக்குள் இருப்பது இசை என்று உரிமையாளர் நம்பிக்கொண்டிருக்கிறார். உள்ளே இருப்பது இன்னும் சில ஆண்டுகளில் வெறும் பழுப்பு நாடாவாக இருக்கும்.

நாங்கள் கேட்பவை பெரிதல்ல. ஒன்று: ஒவ்வொரு பதிவுக்கும் நாள், ஊர், அரங்கு அல்லது கோயில், பக்கவாத்தியமும் தம்புராவும் உட்பட அனைவர் பெயர், பதிந்த கருவி, இது எத்தனையாவது பிரதி ஆகியவற்றை எழுதுங்கள். இவற்றுள் பாதி இன்னும் உங்கள் நினைவில் மட்டும் இருக்கிறது. எழுபது எண்பது வயதானவர்கள் ஓர் இளைஞரை அருகில் அமர்த்திச் சொல்லச் சொல்ல எழுத வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். ஊகத்தை உண்மைபோல எழுதாதீர்கள். இரண்டு: வெட்டாத, குறைக்காத ஒரு முழுப் பிரதியை உங்கள் வீட்டுக்கு வெளியே, பொறுப்பான ஒரு காப்பகத்தில் வையுங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பு 1994இல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக மலர்ந்தது. இன்று அவர் பெயரைச் சொல்பவர்கள் அவரிடம் இத்தனை புத்தகம் இருந்தது என்பதற்காகச் சொல்வதில்லை. அவற்றை நாம் போய்ப் படிக்க முடிகிறது என்பதற்காகச் சொல்கிறார்கள். இந்தியாவின் பல பகுதிகளது இசைப் பதிவுகளையும் பேணுவதற்கென அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982இல் தொடங்கிய காப்பகமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. வழி இல்லை என்று சொல்ல இடமில்லை.

மூன்று: மலைக்கு வந்து பதிவு செய்பவர், பாடுபவரின் ஒப்புதலோடு, அவர் பெயரோடு, ஊர்ப்பெயரோடு பதிவு செய்யட்டும். ஒரு படியை இங்கேயே, ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலோ கிளை நூலகத்திலோ வைத்துவிட்டுப் போகட்டும். நாற்பது ஆண்டு கழித்து இன்னொருவர் வந்து ஒப்பிட வேண்டுமானால், அவர் இந்த மலையின் பிள்ளையாகவும் இருக்கலாம் அல்லவா?

இதற்கு மறுப்பு இருப்பவர்கள் எழுதலாம்; பதில் சொல்லக் காத்திருக்கிறோம். மறுப்பு எழுத எடுக்கும் அதே பேனாவால், முதலில் உங்கள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் நாடாவின் உறையில் தவில் வாசித்தவர் பெயரை எழுதிவிட்டு வாருங்கள்.